ஏழாம் எண் துண்டு

மார்ச் 3

குண்டூசிக்கு,

வகுப்பில் உனக்கு வைத்த பெயரோடுதான் இன்னும் தொடங்குகிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போன மாதம் கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. உன் அண்ணனுக்கு நான் இனி மனைவி இல்லை, அதனால் உனக்கு அண்ணியும் இல்லை. அன்று கோர்ட்டுப் படிக்கட்டில் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. போகட்டும். வேலை நிற்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

இந்த முதல் பத்தியை மறைத்துவிட்டு மீதியை நகலெடுத்துக் கோப்பில் வைப்பேன். எங்கள் மேலாளருக்கும் விளங்க வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையே நீட்டி எழுதுகிறேன். கொட்டாவி விடாதே.

பார்சலில் எட்டுத் துண்டுகள் இருக்கின்றன. ஃபுளோரைடு கலந்த கண்ணாடி, உள்ளே கொஞ்சம் எர்பியம் என்ற தனிமம். உருக்கி ஊற்றினால் இலேசான ரோஜா நிறத்தில் சும்மா கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத லேசரை அதன்மேல் விட்டால் மங்கலாகப் பச்சை காட்டும், அவ்வளவுதான். அதையே உருகாத அளவுக்கு அடுப்பில் வைத்துப் பதமாகச் சூடு காட்டினால், உள்ளுக்குள் பொடிப் பொடியாகப் படிகங்கள் விளையும். எர்பியம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதே லேசர், அதே துண்டு, ஆனால் பச்சை பளீரென்று வரும். லேசரோடு வேலை செய்கிறவர்கள் கதிர் எங்கே விழுகிறது என்று இந்தக் கண்ணாடியில் செய்த தட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். தட்டு மங்கினால் கதிர் இருக்கும் இடம் தெரியாமல் கண் போய்விடும்.

இவற்றில் சூடு காட்டியவை எல்லாம் புது அடுப்பில் காட்டியவை. அந்த அடுப்பை வாங்கச் சொன்னவள் நான். நீ கையெழுத்துப் போட்டால்தான் தட்டுகள் வெளியே போகும்.

துண்டுகளில் எண் மட்டும் ஒட்டியிருக்கிறேன். எது சூடு காட்டியது, எது காட்டாதது, எது அடுப்பில் எங்கே இருந்தது என்ற விவரம் என் இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. உன் அளவுகள் வந்த பிறகு சொல்கிறேன். அளக்கிறவளுக்கு முன்பே தெரிந்தால் அவள் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்று கல்லூரியிலேயே நீ சொல்வாய். அந்த முறையை மாற்ற வேண்டாம்.

உலைக்காரி

மார்ச் 14

அண்ணிக்கு,

வாய்ப் பழக்கம் விடவில்லை. அதற்கு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம். படிக்கட்டைப் பற்றியும் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பார்சல் உடையாமல் வந்தது. கறுப்புத் திரை போட்ட அறையில், எப்போதும் வைக்கும் உலோகத் தாங்கியில் வைத்துத்தான் அளந்தேன். ஒன்றும் நான்கும் நீங்கள் சூடு காட்டாதவை என்று நினைக்கிறேன். மங்கலாக இருக்கின்றன, அது எதிர்பார்த்ததுதான். இரண்டும் எட்டும் நன்றாக இருக்கின்றன. மூன்று, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய நான்கும் சரியில்லை. சூடு காட்டாததைவிடக் கொஞ்சம்தான் மேல். மூன்று தடவை அளந்தேன், இடையில் ஒரு நாள் விட்டும் அளந்தேன். விவரத் தாள் இணைத்திருக்கிறேன்.

இந்த நிலையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. தட்டுகளை வெளியே அனுப்ப வேண்டாம்.

நல்ல செய்தி எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

குண்டூசி

மார்ச் 20

குண்டூசி,

உன் தாள் வந்தது. இப்போது இழுப்பறையைத் திறக்கிறேன். கவனமாகப் படி.

ஏழாம் எண் துண்டு புதியது இல்லை. போன வருடம் பழைய அடுப்பில் நான் செய்து, நீ அளந்து, "இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்தது" என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்ட துண்டு அது. கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பினேன். நீ அதற்கு இப்போது கொடுத்திருக்கும் அளவு போன வருடத்து அளவில் கால்வாசிகூட இல்லை.

கருவி கெட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை கெட்டிருக்க வேண்டும். கருவி கெட்டிருந்தால் இரண்டாம் எண்ணும் எட்டாம் எண்ணும் எப்படி நன்றாக வந்தன? நீயே சொல்.

இதைச் செய்ய எனக்கு ஆசையா என்ன? ஆனால் நீ யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் எப்படி வரிந்து கட்டிக்கொண்டு நிற்பீர்கள் என்றும் தெரியும். அந்த வீட்டில் சோறு தின்றவள்தானே நான்.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்கள் தலைவருக்கு எழுதிவிட்டார். உறவுக்காரி அளக்கக் கூடாது என்று முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் முட்டாள்தனம்.

உலைக்காரி

மார்ச் 27

அண்ணிக்கு,

உங்கள் மேலாளரின் கடிதம் வந்தது. எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. அப்போதே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது முடியிற வரைக்கும் நீங்க அளங்க, ஆனா கையெழுத்து வேற ஆளு போடட்டும்" என்றார்.

"நான் போட்ட பழைய கையெழுத்தெல்லாம்?"

"அதையும் பாக்க வேண்டி வரும்ல."

அவ்வளவுதான் பேச்சு. இப்போது அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அளக்கிறேன். தாளை அடுத்த மேசைக்கு நீட்டுகிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார். அவரும் பாவம், அவர் என்ன செய்வார்? நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், வீட்டுச் சண்டை வீட்டோடு போயிருக்கும். என் கையைச் சொல்லிவிட்டீர்கள்.

இனி வேலை விஷயம். நேற்று ஏழாம் எண் துண்டை மட்டும் எடுத்து வைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்தால் ஓரத்தில் இலேசாகப் பாலாடை படர்ந்த மாதிரி தெரிகிறது. பச்சை குறைந்திருக்கிறது, அதன் பக்கத்தில் வரும் சிவப்பு கூடியிருக்கிறது. லேசரை அணைத்த பிறகு பச்சை எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு நின்று மறைகிறது என்றும் அளந்தேன். போன வருடத்து அறிக்கையில் அந்த இழுவை நீளம். இப்போது பாதிதான். லேசரை நான் கோணலாக வைத்தாலும் சரி, அண்ணன்மேல் பாசம் பொங்கி வழிந்தாலும் சரி, வெளிச்சத்தின் அளவு குறையலாமே தவிர இழுவை குறையாது. அது கண்ணாடிக்குள் இருக்கும் சங்கதி.

படிகங்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கின்றன. எர்பியம் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்றிடம் இருப்பதை ஒன்று பிடுங்கிக்கொள்கிறது. வெளியே வெளிச்சமாக வருவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. மூன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றிலும் இதே கதைதான்.

இது போன வருடம் நான் அளந்த துண்டு என்கிறீர்கள். நம்புகிறேன். கண்ணாடி அலமாரியில் சும்மா கிடந்து இப்படி ஆகாது. ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே அனுப்புவதற்கு முன்னால் அந்தத் துண்டை மறுபடி அடுப்பில் வைத்தீர்களா? வைத்தேன், வைக்கவில்லை, இரண்டில் ஒரு வார்த்தை போதும்.

குண்டூசி

ஏப்ரல் 2

குண்டூசி,

பெரியவர்கள் மட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் இருவரும் தனியாக எழுதிக்கொள்வது சரியில்லை என்று மேலாளர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நீ கேட்டிருப்பது எங்கள் உள்வேலை. எவ்வளவு சூடு, அடுப்பில் எந்தத் தட்டு, எத்தனை முறை என்பதையெல்லாம் வெளி ஆய்வகத்துக்குச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பாலாடை, இழுவை என்று நீ எழுதியிருப்பதைப் படித்தேன். எழுத உனக்குச் சொல்லியா தர வேண்டும்.

இங்கே எனக்கும் நிம்மதி இல்லை. தனியாக ஒரு சின்ன வீடு பார்த்து வந்திருக்கிறேன். சுவரெல்லாம் ஈரம். சாயங்காலம் திரும்பி வந்தால் பேச ஆள் இல்லை. இந்த அடுப்பு ஒன்றைத்தான் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன். அதையும் பிடுங்கிவிட வேண்டுமா?

உலைக்காரி

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு பக்கம் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை மட்டும் இல்லை.

இருபதாம் தேதி எங்கள் விசாரணைக் கூட்டம். அதில் என்ன நடக்கும் என்று எழுதுகிறேன், பயமுறுத்த இல்லை. ஏழாம் எண் துண்டைப் பற்றி உங்கள் மேலாளரின் கடிதம் மட்டும்தான் மேசையில் இருக்கும். துண்டு பழையது, அளவு புதியது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே அளந்தவள் பொய்க்காரி. என்னைச் சாமான் அறைக்கு மாற்றுவார்கள். நான் கையெழுத்துப் போட்டு வெளியே போன ஒவ்வொரு தட்டையும் திருப்பி வாங்கி மறுபடி அளப்பார்கள். அவற்றில் ஒன்றிலும் குறை இருக்காது. ஆனால் அதற்குள் குண்டூசி சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்ல இங்கே ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். எனக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான்.

உங்கள் அடுப்பை நான் கேட்கவில்லை. சுவர் ஈரத்துக்கு வருத்தப்படுகிறேன், உண்மையாகவே.

இழுவையைப் பற்றி நான் எழுதியதைக் கூட்டத்திலும் சொல்வேன். "அப்ப போன வருஷம் நீங்க தப்பா அளந்திருப்பீங்க" என்று ஒருவர் இப்போதே சொல்லிவிட்டார். அதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது.

குண்டூசி

ஏப்ரல் 13

குண்டூசிக்கு,

வைத்தேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், இனி மென்று விழுங்கிப் பயனில்லை. பழைய துண்டு தேய்த்து மெருகு போட்டது, பளபளவென்று இருக்கும். புதியவற்றின் முகத்தில் அடுப்பின் மங்கல் தோல் அப்படியே இருந்தது. அப்படியே அனுப்பினால் பார்சலைப் பிரித்த நிமிஷமே நீ கண்டுபிடித்துவிடுவாய். உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் மற்றவற்றோடு சேர்த்துப் புது அடுப்புத் தட்டின் நடுவில் அதையும் வைத்து ஒரு சூடு காட்டினேன். தோல் ஒன்றாகிவிட்டது. ஏற்கெனவே சூடு காட்டியதுதானே, இன்னும் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உன்னைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் கண்ணாடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. பதம் தாண்டினால் மங்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித் தருகிறேன். வெட்கக்கேடு!

உன் இருபத்தேழாம் தேதிக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தை எழுதினேன். அதையும் தெரிந்துகொள்.

பிறகு அடுப்பைச் சோதித்தேன். சூட்டைக் காட்டும் கம்பி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவோரம் குளிர்ச்சி. அதனால் அடுப்பு, இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஏற்றிக்கொண்டே போகிறது. நீ நன்றாக இருக்கிறது என்று எழுதிய இரண்டாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கதவோரம் இருந்தவை. உள்ளே இருந்த எல்லாமே கருகாமல் கருகியிருக்கின்றன. இழுப்பறையைத் திறந்த அன்றே இது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நான் ஏழாம் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"அடுப்பு வாங்கச் சொன்னது நீங்க. ஆய்வகத்து மேல புகார் சொன்னதும் நீங்க. இப்ப ரெண்டும் தப்புன்னும் நீங்களே சொல்றீங்க. நான் மேலே என்னன்னு சொல்லட்டும்?"

"நான் சொன்னதையே சொல்லுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

கொடுத்துவிட்டேன். உங்கள் தலைவருக்கும் நேராக எழுதிவிட்டேன், நகல் உள்ளே இருக்கிறது. நேற்றிலிருந்து அடுப்பு என்னிடம் இல்லை. கட்டுப் போடும் பிரிவில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை, அங்கே வெயில் வருகிறது.

மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டேன் என்றே வைத்துக்கொள். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் அண்ணனுக்காக நீ அளவைக் குறைத்திருந்தால், நான் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளுக்குள் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். தங்கை என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி யாரும் இல்லையே என்ற பொறாமையும் அதில் இருந்தது.

உலையை இழந்தவள்

ஏப்ரல் 22

அண்ணி என்று எழுதி அடித்துவிட்டேன். கல்லூரியில் கூப்பிட்ட மாதிரி 'நீ' என்றே எழுதுகிறேன், குறை நினைக்காதே.

கூட்டம் முடிந்தது. நீ தனக்கு எழுதிய கடிதத்தைத் தலைவர் வாய்விட்டுப் படித்தார். "ஏற்கெனவே சூடு காட்டியதுதானே" என்ற இடம் வந்ததும் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்து என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து தன் பேனாவையே நீட்டி, "நீங்களே போடுங்க, எனக்கு மனசே ஒப்பல" என்றார். கம்பியை உள்ளே தள்ளி வைத்தால் அந்த அடுப்பு நல்ல அடுப்புத்தான் என்று உங்கள் மேலாளருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். அதை உனக்காக எழுதவில்லை. அளவு அப்படித்தான் சொல்கிறது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சாப்பிடும்போது நினைவுக்கு வந்தால் கை நின்றுவிடுகிறது. போகும்போது போகட்டும்.

நீ என் வீட்டைப் பற்றி எழுதியதில் பாதி சரி. பிப்ரவரியில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். உன் துண்டுகள் என்னிடம்தான் வரும் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தான். டீ போட்டுக் கொடுத்தேன்.

"கொஞ்சம் கம்மியா எழுதிட்டாத்தான் என்ன? யாருக்குத் தெரியப் போகுது? உனக்கு நான் முக்கியமா, அவ முக்கியமா?" என்றான்.

"ரெண்டு பேருமே இல்ல. அந்தத் தட்ட நம்பி லேசர் பக்கத்துல நிக்கிறவனோட கண்ணுதான் முக்கியம்" என்றேன்.

டீயைக் குடிக்காமலே போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கோர்ட்டுப் படிக்கட்டில் நான் முகத்தைத் திருப்பியது உன்னைப் பார்த்து இல்லை. உனக்குப் பின்னால் அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அதனால்தான் நீ சூடு காட்டிய துண்டுகள் எல்லாம் பளீரென்று எரிய வேண்டும் என்று உன்னைவிட நான்தான் தவித்தேன். மூன்று தடவை அளந்தது கவனத்தால் மட்டும் இல்லை, ஏறாதா என்ற ஆசையால். ஏறவில்லை. இருந்ததை எழுதினேன்.

உங்கள் மேலாளர் புகார் எழுதிய விஷயம் எப்படியோ அண்ணன் காதுக்கும் போய்விட்டது. அன்று மாலையே போன் செய்தான்.

"அன்னிக்கு அவ்வளவு பேசுனியே, கடைசியில என் தங்கச்சின்னு காட்டிட்ட. தேங்க்ஸ்" என்றான்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா" என்றேன்.

"சரி சரி, போன்ல எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

நீ திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். அவன் நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறான், பாசமாக விசாரிக்கிறான். வாயால் சொன்னால் நம்ப மாட்டான். நம்புகிற மாதிரி என்னிடம் இருப்பது எங்கள் தலைவருக்கு நீ எழுதிய கடிதம் ஒன்றுதான். அதில் நீ அடுப்பில் வைத்தது, மறைத்தது எல்லாம் இருக்கிறது. அவன் அதைப் படித்தால் உன்னைப் பற்றி என்ன நினைப்பான், யார் யாரிடம் சொல்வான் என்று உனக்கே தெரியும். அவனும் மறுபடி என்னோடு பேசமாட்டான்.

அனுப்பட்டுமா? நீ வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன்.

குண்டூசி

ஏப்ரல் 27

குண்டூசி,

அனுப்பு.

உன்னிடம் இருப்பது நகல். யாரோ தட்டச்சு செய்தது என்று அவன் சொல்லிவிடுவான். என் கையெழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும், அதனால் முழுவதையும் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வரிகூட விடவில்லை.